நாலரை வீட்டுப் பேரம்

கிளீவ்லாண்ட் என்றால் நம் ஆட்களுக்குத் தியாகராஜ ஆராதனைதான் ஞாபகம் வரும். 1978-ல் தொடங்கிய விழா அது. வருஷா வருஷம் ஈஸ்டர் சமயத்தில் சென்னை சபாக்களே கிளம்பி அங்கே இறங்கிவிட்டனவோ என்று தோன்றும். நானும் கச்சேரி கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் இப்போது உங்களைக் கூட்டிப்போவது கச்சேரி மேடைக்குப் பின்னால் இல்லை. டிக்கெட் வாங்கி நுழைய முடியாத இடம்: ஒரு வீட்டுக்காரரின் சமையலறை! முப்பது வருஷத்துக்கும் மேலாக வாடகைக்கு விட்டு விட்டு அலுத்துப்போன மனிதர். ஐந்து வீடு வைத்திருக்கிறார், ஐந்தையும் கைகழுவ நினைக்கிறார். வாங்கப் போகிறவள் என் தோழி, மதுரைக்காரி. அவளிடம் அவ்வளவு பணமும் கிடையாது, பாங்குக்குப் போகும் எண்ணமும் கிடையாது. பிறகு எப்படி வாங்குவாள்? அதைப் பார்க்கத்தான் போகிறோம். வாங்க, வாங்க!

முதலில் அவள் காரின் பின் சீட்டைப் பாருங்கள். சேறு காய்ந்த பூட்ஸ், டார்ச் லைட், இஞ்ச் டேப், கிழிந்த மழைக்கோட்டு, பாதி தின்ற முறுக்குப் பாக்கெட், இரண்டு கால்குலேட்டர். ஏப்ரல் பிறந்தும் வெளியே பனி தூறுகிறது. வண்டியை ஓட்டிக்கொண்டே எனக்குப் பாடம் எடுக்கிறாள். "உள்ள போனதும் ஷூவைக் கழட்டு. காபி குடுத்தா வேணாம்னு சொல்லாத. விலையைப் பத்தி மூச்சு விடாத."

"அவர் பேசிட்டு சும்மா இருந்தா?"

"இருக்கட்டும். நீ ஆரம்பிக்காத. அதான் முக்கியம்."

எனக்கு அப்போதே உள்ளங்கை வேர்த்துவிட்டது. வாங்கப்போவது நானில்லை, ஆனாலும் பரபரப்பு!

பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இந்த ஊரில் அவர்கள் நிறைய. இளமையில் இரும்பாலை வேலை. ஆலையில் ஆள் குறைத்தபோது, இனி இன்னொருத்தர் கொடுக்கும் சம்பளத்தை நம்பி இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு வீடாக வாங்கிச் சேர்த்தவர். ஐந்துமே இந்த ஊரில் டபுள் என்று சொல்லும் வகை வீடுகள். கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம், இரண்டுக்கும் தெருவைப் பார்த்த திண்ணை. முதலாம் உலகப்போர்க் காலத்தை ஒட்டிக் கட்டிய மரவீடுகள். ஆக, பத்துக் குடித்தனம். பத்து அடுப்பு, பத்துக் கழிப்பறை, எப்போது வேண்டுமானாலும் ஒழுகக் காத்திருக்கும் பத்துக் குழாய்.

அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சாவிப் பலகை. அடேயப்பா! சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கும் சாவிகள். ஒவ்வொரு சாவியின் தலையிலும் நகப்பூச்சு. ஒரு வீட்டுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு ஊதா, ஒன்றுக்கு மினுமினுக்கும் தங்க நிறம். அவர் மனைவியின் கைவண்ணம். அதற்குக் கீழே காபி டின் நிறைய திருகாணி. மேஜை மேல் பச்சை அட்டை போட்ட கணக்கு நோட்டு. நோட்டுக்குப் பக்கத்தில் அந்த வீட்டின் வில்லன்: செல்போன். மேஜை மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். அது அதிரும்போதெல்லாம் பெரியவரின் தோள் ஒரு அங்குலம் மேலே ஏறுகிறது. நாங்கள் உட்கார்ந்த சற்று நேரத்துக்குள்ளேயே இரண்டு முறை ஏறியது.

"கிறிஸ்துமஸ் ராத்திரி," என்கிறார் அந்த அம்மாள், வால்நட்டை அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் தட்டில் நறுக்கி வைத்தபடி. "பேரப்பிள்ளைங்க பரிசு பிரிக்கிறாங்க. இவர் யாரோ ஒருத்தர் வீட்டு நிலவறையில ஹீட்டரைத் தட்டிக்கிட்டு இருக்கார். எல்லா கிறிஸ்துமஸும் இதேதான்."

பெரியவர் மறுக்கவில்லை. ரொட்டியை எடுத்துக் கடித்தார்.

அதோடு ஒரு பிஸ்கட் டின்னையும் காட்டினார்கள். திறந்தால் உள்ளே அஞ்சல் அட்டைகள், நூற்றுக்கணக்கில்! 'உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்', 'இருக்கிற நிலையிலேயே வாங்குகிறோம்', 'ஒரே வாரத்தில் பணம்'. சில அட்டைகளில் கையால் எழுதியது மாதிரி அச்சடித்த நீல எழுத்து. வயதான வீட்டுக்காரர்களின் முகவரிகளைத் திரட்டி இப்படி அனுப்புவது அமெரிக்காவில் பெரிய தொழில். அம்மாள் அவற்றின் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதுகிறார். ஒரு அட்டைக்காரரை மட்டும் கூப்பிட்டுக் கேட்டார்களாம். வீட்டுக்கு எண்பத்தைந்தாயிரம் டாலர், கையில் காசு என்றாராம். பெரியவர் மனசில் இருப்பது லட்சத்து இருபதாயிரம். "அவன் வீட்டுக்குள்ளகூட வரல. கார்ல உட்கார்ந்தபடியே சொன்னான்," என்றார். விலையைவிட அதுதான் அவருக்கு ரொம்ப உறுத்தியிருக்கிறது. நியாயம்தானே!

தோழி எழுந்தாள். "நான் உள்ள போய்ப் பார்க்கலாமா?"

இனிமேல்தான் வேர்வைக் காட்சி. சிவப்புச் சாவி வீட்டுக்குப் போனோம். பெரியவருக்கென்று ஒரு தட்டு இருக்கிறது: இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. கீழ் வீட்டுக் குழந்தை உள்ளிருந்தே "தாத்தா!" என்று கத்தியது. மேல் வீட்டில் ஒரு பையன் டிரம்ஸ் பழகிக்கொண்டிருந்தான். படிக்கட்டுக் கைப்பிடியே தாளம் போட்டது. தோழி ஒன்றையும் சட்டை செய்யாமல் நேராக நிலவறைக்கு இறங்கிவிட்டாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டி போட்டு, சூடேற்றும் இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்து போகிறாள். சிலந்தி வலை, ஈர மண் வாடை, மூலையில் யாரோ எப்போதோ விட்டுப்போன பௌலிங் பந்து. மேலே நின்ற பெரியவர், "அங்க ஒரு படி இறங்கியிருக்கும், பார்த்து!" என்று கூவுகிறார். ஐந்து வீட்டு நிலவறையிலும் எந்த இடத்தில் தலை இடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். பழைய வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு அமெரிக்கா அதைத் தடை செய்தது 1978-ல்தான். அதற்கு முன் கட்டிய வாடகை வீடுகளுக்கு, ஈய ஆபத்து இல்லை என்று சான்றிதழ் வாங்கவேண்டும் என்று கிளீவ்லாண்ட் நகராட்சி 2019-ல் சட்டம் போட்டது. குழந்தைகள் வாயில் அந்தத் தூசி போகாமலிருக்கத்தான். பெரியவர் இரண்டு வீட்டுக்கு வாங்கிவிட்டார், மூன்று பாக்கி. "அந்த ஃபாரத்தைப் பார்த்தாலே தலை சுத்துது," என்றார். தோழி குறிப்பு நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டாள்: ஃபாரம், மூணு, நான் செய்றேன். விலையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கிடையாது, கவனித்தீர்களா?

திரும்பி வந்தபோது அவள் கன்னத்தில் துருக்கறை. அம்மாள் ஒன்றும் சொல்லாமல் கைத்துண்டின் நுனியை நனைத்துத் துடைத்துவிட்டார். என்னைக் கேட்டால், பாதிப் பேரம் அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதி மேஜையில். வாங்க, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள்.

"உங்களுக்கு எதெல்லாம் வேணும்னு சொல்லுங்க," என்றாள் தோழி. அவ்வளவுதான். பேனாவை மூடி வைத்துவிட்டாள். பெரியவர் தொண்டையைக் கனைத்தார். லட்சத்து இருபது வேண்டும். போன் நிற்கவேண்டும். வரியில் மாட்டக்கூடாது. சொல்லி நிறுத்தினார். யாரும் பேசவில்லை. மேஜைக்கு அடியில் அவர்கள் வீட்டு நாய் குறட்டை விடுகிறது. நான் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன், வாய் துறுதுறுக்கிறது. தோழி அசையவில்லை. கடைசியில் பேசியது அந்த அம்மாள்.

"மாசா மாசம் ஏதாவது வரணும் கண்ணு. வாடகை வந்து பழகிட்டோம். அது நின்னுட்டா இவர் கோட்டி பிடிச்சு அலைவார்."

தோழியின் பேனா மூடி டக்கென்று திறந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது!

பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, பின்பக்கம் கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள். "நீங்க கேட்ட விலையை நான் குறைக்கல. வீட்டுக்கு லட்சத்து இருபது. ஆனா பாங்குக்குப் பதிலா நீங்களே எனக்குக் கடன் குடுத்த மாதிரி வெச்சுக்கங்க. முன்பணம் தரேன், மீதியை மாசா மாசம் வட்டியோட கட்டறேன். ராத்திரி போன் எனக்கு வரும். காசு உங்களுக்கு வரும்."

விலை உங்களுடையது, நிபந்தனை என்னுடையது. வீடு வாங்கி விற்கும் ஆட்களிடையே அங்கே ரொம்பப் பழக்கமான பேச்சு இது. இதில் அவளுக்கு என்ன லாபம்? வட்டி. 2021 தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்த 30 வருட வீட்டுக்கடன் வட்டி, 2023 அக்டோபரில் 7.8 சதவீதத்தை நெருங்கியது. குடியிருக்க வாங்குகிறவர்களுக்கே அந்தக் கதி. வாடகைக்கு விட வாங்குகிறவர்களிடம் பாங்க் இன்னும் கூடுதலாகக் கேட்கும். அந்த வட்டிக்கு வாங்கினால் வாடகை முழுவதும் பாங்குக்கே போய்விடும். பெரியவருக்கும் லாபம் உண்டு. மொத்தப் பணத்தையும் ஒரே வருஷத்தில் வாங்கினால் லாபத்துக்கான வரி மொத்தமும் அந்த வருஷமே விழும். தவணையில் வாங்கினால் பணம் வர வர வரியும் பிரிந்து விழும். இதை அவள் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்கணுமே! "இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் சொல்லலியே," என்று மனைவியைப் பார்த்தார். "நான் சொல்றதைச் சொல்லிட்டேன், நீங்க உங்க ஆடிட்டர்கிட்ட காட்டிக் கேட்டுட்டு வாங்க. வக்கீலையும் உங்க ஆளா வெச்சுக்கங்க," என்றாள் இவள். வயசான மனிதர், களைத்துப்போயிருக்கிறார், எதைச் சொன்னாலும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த இடத்தில் ஒருத்தி இப்படிச் சொன்னது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் வட்டிச் சண்டை. அவர் ஆறு என்றார். இவள் நாலரை. அவர் ஐந்தே முக்கால். இவள் கால்குலேட்டரைத் தட்டித் திருப்பிக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் தலை மேலேயே இருந்தது! எல்லோரும் சிரித்தோம், நாயும் விழித்துக்கொண்டது. "அஞ்சு. சாப்பாட்டு நேரமாச்சு," என்றார் அம்மாள். ஐந்துதான் முடிவு.

மகளைப் போனில் பிடித்தார்கள். ஸ்பீக்கரில் வந்தாள், ஆஸ்பத்திரி நர்ஸ், படு கறார். "அவங்க கட்டலேன்னா?" முதல் கேள்வியே அதுதான். தோழிக்குக் கோபமே வரவில்லை. வீட்டின் மேல் அடமானம் உங்கள் அப்பா பேரில் பதிவாகும், நான் தவறினால் ஒஹாயோ சட்டப்படி கோர்ட்டுக்குப் போய் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். "முப்பது வருஷக் கணக்கா? எங்க அப்பாவுக்கு வயசு தெரியும்ல?" என்றாள் மகள். அதற்கும் வழி இருந்தது. தவணையை முப்பது வருஷக் கணக்குக்குப் போட்டாலும் பத்தாவது வருஷம் மீதி மொத்தத்தையும் ஒரே தடவையாகக் கட்டிவிடவேண்டும். பலூன் என்பார்கள் இதை. பேரைக் கேட்டதும் அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப எனக்கு எண்பத்திரெண்டு. பலூன் வாங்கித் தர ஆளு வருது!" என்றார்.

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. ஐந்தில் தங்க நிறச் சாவி வீட்டின் மேல் பாங்க் கடன் இருக்கிறது. 2021-ல் வட்டி மலிவாக இருந்தபோது அந்தக் கடனை மாற்றி எடுத்திருக்கிறார். கடனை அவர் பேரிலேயே விட்டுவிட்டு வீட்டை மட்டும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, மலிவு வட்டியைத் தானே கட்டி வரலாம். இதையே பெரிய ரகசியம் போல மேடை போட்டுக் கற்றுக்கொடுக்கிறவர்கள் அமெரிக்காவில் நிறைய. ஆனால் வீடு கைமாறினால் முழுக்கடனையும் உடனே கட்டு என்று கேட்க பாங்குக்கு உரிமை உண்டு. 1982-ல் வந்த மத்திய சட்டம் அதை உறுதிசெய்தது. கேட்டால் மாட்டப்போவது பெரியவர். "அது வேணாம்," என்று தோழி அந்த வரியையே அடித்துவிட்டாள்.

அதற்குப் பதில் வந்த யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த வீடு அவர் பேரிலேயே இருக்கட்டும். இரண்டு வருஷத்துக்கு முழு வீட்டையும் இவள் குத்தகைக்கு எடுத்துக்கொள்வாள். குடித்தனக்காரர், ரிப்பேர், போன் எல்லாம் இவள் தலையில். அந்த இரண்டு வருஷத்துக்குள் இன்று பேசிய விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமை இவளுக்கு மட்டும். வாங்கும்போது பாங்க் கடன் அடைபடும். ஆக, நாலு வீடு முழுசாக, ஒன்று பாதியாக. நாலரை!

பெரியவர் ஏன் உடனே ஒத்துக்கொண்டார் என்று பிறகுதான் புரிந்தது. தங்கச் சாவி வீடுதான் அவர் முதலில் வாங்கியது. அதன் திண்ணைத் தூண்களைச் செதுக்கியவர் அவருடைய அப்பா. "இன்னும் ரெண்டு வருஷம் அது என் பேர்ல இருக்கும்ல?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். விற்கவும் வேண்டும், விடவும் மனசில்லை. பாவம்! இப்படி ஒரு ஒப்பந்தத்துக்குள் அதற்கும் இடம் வைக்க முடியும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார், எழுந்து நின்றபடி. ஊதாச் சாவி வீட்டின் கீழ்க் குடித்தனத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ரொம்ப வருஷமாக, ஒரு மாசம்கூட வாடகை தவறியதில்லை. அவருக்கு இரண்டு வருஷத்துக்கு வாடகை ஏற்றக்கூடாது. தோழி ஒரு கணம் கால்குலேட்டரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அட்டையில் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "வாயால சொன்னா போதும்," என்றார் அவர். "இல்ல, பத்திரத்துலயும் வரும்," என்றாள் இவள்.

அட்டையில் இருந்த கணக்கு இதுதான்: நாலு வீடு, 4,80,000 டாலர். முன்பணம் 48,000, பாதி பத்திரத்தன்று, பாதி ஜனவரியில், அடுத்த வருஷ வரிக் கணக்கில் விழுகிற மாதிரி. மீதி 4,32,000-க்கு 5 சதவீத வட்டி, மாசம் 2,319 டாலர். பத்தாவது வருஷம் கட்டவேண்டிய மீதி மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேலே. அட்டையின் முன்பக்கத்தில் 'ரொக்கத்துக்கு வாங்குகிறோம்' விளம்பரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு காகித வேலை. அங்கே சார்பதிவாளர் ஆபீசில் போய்க் காத்திருக்கவேண்டியதில்லை. டைட்டில் கம்பெனி என்று ஒன்று நடுவில் இருந்து வில்லங்கம் பார்த்து, பணத்தை வைத்திருந்து, பத்திரத்தைப் பதிவு செய்துகொடுக்கிறது. வில்லங்கத்தில் சிக்கியது என்ன தெரியுமா? பழைய தண்ணீர் பில் பாக்கி ஒன்று! வீட்டு வரியோடு ஏறி உட்கார்ந்திருந்தது. "நான் கட்டிட்டேனே!" என்று பெரியவர் பச்சை நோட்டைத் தூக்கிக்கொண்டே அங்கே வந்துவிட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டி ரசீதைக் கண்டுபிடித்தபோது அவர் காட்டிய வெற்றிச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ரசீது வேறு வீட்டுக்கு! அம்மாள் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பாக்கியை அவர் பணத்தில் கழித்துக்கொண்டார்கள்.

கையெழுத்து அறையில் நீள மேஜை, கிண்ணம் நிறைய மிட்டாய், தடித்தடியான காகிதக் கட்டு. பெரியவர் தன் வக்கீல் சொல்லும் இடத்திலெல்லாம் மெதுவாக, முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோழி வேகம் வேகமாகப் போட்டுவிட்டு விரலை நெட்டி முறித்தாள். அம்மாள் ஒரு சணல் பையிலிருந்து சாவிகளை எடுத்து வரிசையாக அடுக்கினார்: சிவப்பு, ஊதா, பச்சை, ஆரஞ்சு, தங்கம். எல்லாவற்றுக்கும் புதிதாக நகப்பூச்சு பூசிக் கொண்டுவந்திருந்தார்! பூட்டுக்காரர் வந்து எல்லாப் பூட்டையும் மாற்றப்போகிறார் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்கும்போது பெரியவரின் போன் அதிர்ந்தது. எண்ணைப் பார்த்தார். சிவப்புச் சாவி வீடு, மேல் குடித்தனம். முகம் மலர, போனை அப்படியே தோழியிடம் நீட்டினார்: "உனக்குத்தான்!"

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பேசினாள். சமையலறைக் குழாய், தண்ணீர் நிற்கவில்லை. "இதோ வரேன்," என்று அவள் கார்க் கதவைத் திறக்கும் முன்பே பெரியவர் ஆரம்பித்துவிட்டார். "தண்ணியை நிறுத்துற வால்வு படிக்கட்டுக்குப் பின்னால இருக்கும். கையால திருப்பாத, திரும்பாது. பெரிய ஸ்பேனர் வேணும். உன்கிட்ட இல்ல, என்கிட்ட இருக்கு, நானே வேணா…"

"நீங்க வரல," என்றார் அம்மாள், அவர் கோட்டின் கையைப் பிடித்து இழுத்து. "நாம சாப்பிடப் போறோம்."

ஸ்பேனர் மட்டும் ஜன்னல் வழியாக எங்கள் காருக்குள் வந்து விழுந்தது.